மால்டாவுக்குக் கப்பல் இருக்கு, மன்னாருக்குத்தான் இல்ல

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் காரணம். ஆனா இன்னைக்கு எழுதியே ஆகணும். வீட்ல தங்கமணி என்கிட்ட பேசி மூணு நாளாச்சு. சண்டைக்குக் காரணம் ஒரு கப்பல்.

கதை இதுதான். அப்பா அம்மா ரெண்டு பேரும் இந்தக் கோடைக்கு ஜெர்மனி வர்றதா இருந்தது. போன தடவை வந்தப்போ நாங்க ரெண்டு பேரும் பொட்டி தட்டப் போயிட்டோம். அவங்க ஸ்டுட்கார்ட் அபார்ட்மென்ட் ஜன்னல்ல இருந்து எதிர் வீட்டு ஜன்னலையே பாத்துட்டு ஊருக்குத் திரும்பினாங்க. அந்தக் குத்த உணர்ச்சியில, இந்தத் தடவை பெருசா ஏதாவது செய்யணும்னு முடிவு பண்ணோம். இங்க இருக்கிற நம்ம மக்கள்கிட்ட 'அப்பா அம்மா வர்றாங்க, எங்க கூட்டிட்டுப் போகலாம்'னு கேட்டுப் பாருங்க. பத்துல எட்டு பேர் ஒரே வார்த்தைதான் சொல்வாங்க: 'க்ரூஸ் போட்ருங்க'. நடக்க வேண்டாம், பெட்டி தூக்க வேண்டாம், சாப்பாடு கிடைக்கும், லிப்ட் இருக்கு, வயசானவங்களுக்குத் தோது. போட்டோவும் நல்லா வரும். (கடைசி காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்றதில்ல. நான் சொல்றேன்.)

நானும் மூணு வாரம் ராத்திரி ராத்திரியா உக்காந்து பிளான் போட்டேன். சிசிலியைச் சுத்தி ஏழு ராத்திரி. ஜெனோவாவுல ஏறணும். சிவிடாவெக்கியா, மெசினா, மால்டா தீவோட தலைநகரம் வலெட்டா, பலேர்மோன்னு சுத்திட்டுத் திரும்ப ஜெனோவா. எக்செல் ஷீட் எல்லாம் தயார். எங்களுக்கு ஒரு கேபின், அவங்களுக்கு ஒண்ணு. போஸ்டர்ல போட்ட விலைக்கும் கடைசிப் பக்கத்துல வந்த விலைக்கும் நடுவுல ஒரு மலை இருந்தது. தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவுன்னு சர்வீஸ் சார்ஜ். குடிக்கிற பானத்துக்கு ஒரு பேக்கேஜ், இன்டர்நெட்டுக்கு இன்னொண்ணு. கரையில இறங்கிச் சுத்திப் பாக்கத் தனிக் காசு. ஜன்னல் வேணும்னா மேல கொஞ்சம். ஜன்னல் இல்லாத உள் கேபின்தான் மலிவு. கடலைப் பாக்கப் போறவன் ஜன்னல் இல்லாத பெட்டிக்குள்ள தூங்கணும், அதுக்குப் பேர் சிக்கனம்.

அம்மாதான் முதல் குண்டைப் போட்டாங்க. அவங்க சிவாஜிநகர் பொண்ணு. செயின்ட் மேரீஸ் பசிலிக்காவுல ஞானஸ்நானம், அங்கயே கல்யாணம். வருஷா வருஷம் செப்டம்பர் 8 திருவிழாவுக்குக் காவிப் புடவை கட்டி நிக்கிற ஆள். இத்தாலின்னு சொன்னதும் அவங்க கேட்ட ஒரே கேள்வி: "ரோம்ல எத்தனை நாளு?"

நான் ஷீட்டைத் திறந்தேன். சிவிடாவெக்கியா ரோம் நகரத்தோட துறைமுகம்னு விளம்பரத்துல எழுதியிருக்கு. ரோம் அங்கேருந்து 70 கிலோமீட்டர் கிட்ட. காலையில கப்பல் வரும். இறங்கி, துறைமுக பஸ் பிடிச்சு, ஸ்டேஷன் போய், ரயில் ஏறி, ரோம் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி காலை போயிடும். சாயந்தரம் கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடியே திரும்பியாகணும், இல்லேன்னா விட்டுட்டுப் போயிடுவான். ஆக ரோமுக்கு நாலு மணி நேரம். அதுல செயின்ட் பீட்டர்ஸ் வாசல்ல வரிசை. 'நாலு மணி நேரம்மா'ன்னு சொன்னேன். போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "நம்ம வேளாங்கண்ணிக்குப் போனாலே ரெண்டு நாள் தங்குவோமேடா"ன்னாங்க.

இதையெல்லாம் சமாளிச்சிருப்பேன். ரெண்டாவது குண்டு அப்பா போட்டது. அதுக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும், பொறுத்துக்கோங்க.

எங்கப்பா பெங்களூர்க்காரர்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. ரசல் மார்க்கெட்டுக்குப் பின்னாடி சந்துல முப்பத்தஞ்சு வருஷம் தையல் கடை வச்சிருந்தார். தமிழ், கன்னடம், தக்கினி உருது மூணும் ஒரே வாக்கியத்துல வரும். ஆனா பாஸ்போர்ட்டுல பிறந்த இடம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல ஹட்டன், இலங்கைன்னு இருக்கும். தோட்டத்து லயத்துல பிறந்தவர். தாத்தா பாட்டி ரெண்டு பேரும் தேயிலைத் தோட்டத்துக் கூலிகள். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி டெல்லியில சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. நாடற்றவர்களா இருந்த மலையகத் தமிழர்கள்ல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். அப்புறம் 1974-ல அவங்களையும் பாதிப் பாதியாப் பிரிச்சாங்க. யாரையும் கேக்கல. அரிசி மூட்டை பிரிக்கிற மாதிரி பிரிச்சாங்க.

அப்பா பங்குக்கு வந்தது இந்தியா. 1971-ல, பதினேழு வயசுல கிளம்பினார். ஹட்டன்ல ரயில் ஏறி, பொல்கஹவெல, அனுராதபுரம் வழியா ராத்திரி முழுக்க வந்து தலைமன்னார். அங்கேருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல். அப்புறம் மண்டபம் முகாம். அங்கேருந்து சில குடும்பங்கள் நீலகிரிக்குப் போச்சு. சில பேரை இதே கர்நாடகாவுல சுள்ளியா பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினாங்க. அப்பாவுக்கு ஒரு சித்தப்பா ரசல் மார்க்கெட்ல காய்கறி மூட்டை இறக்கிட்டு இருந்தார். அதனால சிவாஜிநகர். எங்க அத்தை ஒருத்தங்க அங்கயே தங்கிட்டாங்க. இன்னும் ஹட்டன் பக்கத்துலதான் இருக்காங்க. அப்பா அவங்களைக் கடைசியாப் பாத்தது தலைமன்னார் ரயில் கிளம்பின அந்த ஸ்டேஷன்ல.

இப்போ ஷெங்கன் விசா. பெங்களூர்ல விண்ணப்பம் வாங்குற ஒரு இடத்துக்கு அப்பா போனார். (எந்த இடம்னு கேக்காதீங்க, எல்லாமே ஒண்ணுதான்.) தலைக்கு 90 யூரோ கட்டணம், முப்பதாயிரம் யூரோவுக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட், நான் எழுதின அழைப்புக் கடிதம், கப்பல் டிக்கெட்டோட நகல், எல்லாம் ஃபைல் போட்டு எடுத்துட்டுப் போயிருக்கார். கவுண்டர்ல இருந்த சின்னப் பொண்ணு பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பாத்துட்டு, "சார், பிறந்தது ஸ்ரீலங்கா. அப்போ நீங்க எந்த நாட்டுக்காரர்?"னு கேட்டிருக்கு. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல, அதோட வேலை அது. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு, எழுபத்திரண்டு வயசுல, அந்தக் கேள்விக்கு மறுபடி ஒரு பதில் சொல்லிட்டு வந்திருக்கார் மனுஷன்.

அன்னைக்கு ராத்திரி போன் பண்ணார். எரிஞ்செல்லாம் பேசல. நிதானமாத்தான் கேட்டார்: "தம்பி, அந்த மால்டாத் தீவுல நமக்கு யாரு இருக்கா?"

என்கிட்ட பதில் இல்ல. "யாரும் இல்லப்பா, சும்மா பாக்கப் போறோம்"னேன்.

"பாக்குறதுக்குன்னா எனக்கு ஒரு தீவு இருக்கேப்பா. அதுக்குக் கூட்டிட்டுப் போறியா?"

சரி, கொசுவத்தி முடிஞ்சது. இனிமே என் கோபம்.

நான் மால்டாவைப் பத்தி மூணு வாரம் படிச்சவன். அதனால சில விஷயம் தெரியும். மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். நம்ம யாழ்ப்பாண மாவட்டத்துல மூணுல ஒரு பங்குதான் வரும். ஜனத்தொகை அஞ்சரை லட்சம் பக்கம். அங்கேருந்து சிசிலியில போட்சல்லோங்கிற ஊருக்கு வேகப் படகு ஓடுது. நம்ம ஊர்ல பாக்குற படகு இல்ல. கார், லாரியெல்லாம் உள்ள ஏத்திக்கிட்டு, தொள்ளாயிரம் பேரை ஏத்துற கட்டமரான். (ஆமா, நம்ம கட்டுமரம்தான். வார்த்தையைக் குடுத்தோம், வண்டியை அவன் எடுத்துக்கிட்டான்.) கடலைத் தாண்ட ஒண்ணே முக்கால் மணி நேரம். காலையில மால்டாவுல கிளம்பி சிசிலியில காய்கறி வாங்கிட்டு ராத்திரி வீட்டுக்கு வர்றவங்க இருக்காங்க. அவங்களுக்கு அது பஸ் மாதிரி.

நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறை சுமார் 110 கிலோமீட்டர். கிட்டத்தட்ட அதே தூரம்தான். தனுஷ்கோடியில இருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் கூட இல்ல.

இப்போ நம்ம கதையைப் பாருங்க. 1906-ல வ.உ.சி. தூத்துக்குடியில சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஆரம்பிச்சார். கலியா, லாவோன்னு ரெண்டு கப்பல், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும். வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைச்சு, இலவசமாக் குடை கூடக் குடுத்து அவரை ஒழிச்சது. நாமும் ஸ்கூல்ல படிச்சு மார்க் வாங்கிட்டு மறந்துட்டோம். 1914-ல பாம்பன் பாலம் திறந்தாங்க, கூடவே போட் மெயில் வந்தது. மெட்ராஸ்ல ரயில் ஏறி, தனுஷ்கோடியில இறங்கி, எதிர்ல நிக்கிற கப்பல்ல ஏறி, தலைமன்னார்ல இறங்கி, அங்கே நிக்கிற ரயில்ல கொழும்பு. ஒரே டிக்கெட். இன்னைக்கு மெசினா ஜலசந்தியில ரயில் பெட்டியையே கப்பல்ல ஏத்தி சிசிலிக்குக் கொண்டு போறதை ஐரோப்பாக்காரன் அதிசயமாக் காட்டி வீடியோ போடுறான். நூறு வருஷத்துக்கு முன்னாடி நம்மகிட்ட அதுக்குக் கிட்டத்தட்ட ஒரு ஏற்பாடு இருந்தது.

அப்புறம் 1964. இந்த வருஷத்தை எனக்கு மறக்க முடியல. செப்டம்பர் 21-ஆம் தேதி மால்டாவுக்குச் சுதந்திரம். அக்டோபர் 30-ஆம் தேதி எங்க தாத்தாவை நாடு கடத்துற ஒப்பந்தம். டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்து தனுஷ்கோடியை ரயிலோட சேத்து விழுங்கிடுச்சு. அதுக்கப்புறமும் ராமேஸ்வரத்துல இருந்து கப்பல் ஓடிச்சு, அப்பா வந்தது அதுலதான். 1980-கள்ல போர் வந்தது, அதுவும் போச்சு.

போர் 2009-ல முடிஞ்சது. அதுக்கப்புறம் என்ன ஆச்சு? 2011 ஜூன்ல தூத்துக்குடி–கொழும்பு ஸ்கோஷியா பிரின்ஸ்னு ஒரு கப்பலைக் கொடியசைச்சு விட்டாங்க. அதே வருஷம் நவம்பர்ல நின்னு போச்சு. பன்னிரண்டு வருஷம் கழிச்சு, 2023 அக்டோபர் 14-ஆம் தேதி, நாகப்பட்டினம்–காங்கேசன்துறை. பிரதமர் காணொலியில பேசினார், மேளதாளம், மாலை மரியாதை. கப்பல் பேர் செரியபாணி, 150 பேர் போகலாம். டிக்கெட் வரியோட சேத்து 7,670 ரூபாய்னு அறிவிச்சாங்க. எத்தனை நாள் ஓடிச்சு தெரியுமா? ஒரு வாரம் கூட இல்ல. அக்டோபர் 20-ஓட மழையைச் சொல்லி நிறுத்திட்டாங்க. வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல வரும்னு நாகப்பட்டினத்துல ஒரு மீன்காரம்மாவைக் கேட்டிருந்தாலே சொல்லியிருக்கும். விழாவுக்குத் தேதி குறிச்சவங்களுக்குத் தெரியல. அடுத்தது 2024 ஆகஸ்ட் 16, சிவகங்கைன்னு வேற ஒரு கப்பல், திரும்பக் கொடியசைப்பு. அதுவும் மழைக்காலத்துல நின்னு, 2025 பிப்ரவரியில மறுபடி கிளம்பிச்சு.

இதைச் சொன்னதும் ஆபீஸ்ல என் நண்பன் ஒருத்தன் (சென்னைக்காரன், எதுக்கும் எதிர்வாதம் வச்சிருப்பான்) சண்டைக்கு வந்தான். அவன் சொன்னதுல நியாயம் இருக்கு, மறைக்க மாட்டேன். பாக் ஜலசந்தி ஆழமில்லாத கடல், அங்க பெரிய கப்பல் நுழைய முடியாது. அதனாலதான் சென்னையில இருந்து தூத்துக்குடி போற பெரிய கப்பல் இன்னைக்கும் இலங்கையைச் சுத்திக்கிட்டுத்தான் போகுது. (தீவைச் சுத்தி க்ரூஸ் போகணும்னா நம்ம சரக்குக் கப்பல்ல ஏறினாலே போதும் போல.) அதை மாத்தத்தான் 2005-ல சேதுசமுத்திரத் திட்டம்னு மதுரையில பிரதமரை வச்சு ஆரம்பிச்சு, ராமர் பாலம், கோர்ட்டுன்னு போய் நின்னுது. அந்தத் திட்டம் வரணுமா வேண்டாமாங்கிறது வேற சண்டை. பவளப்பாறை, மீனவர் பொழப்புன்னு அதுல எனக்கே ஆயிரம் சந்தேகம். ஆனா ஆளை ஏத்திட்டுப் போற சின்னப் படகுக்கு அந்த வாய்க்கால் எதுக்கு? அப்பா வந்தப்போ எந்த வாய்க்கால் இருந்தது?

மழை மூணு மாசம் நிக்கும், ஒத்துக்கிறேன். மத்திய தரைக்கடல்லயும் குளிர்காலத்துல காத்தடிச்சா கட்டமரானை நிறுத்துறான். அடுத்த நாள் எடுக்கிறான், திரும்ப ஓட்டக் கொடியெல்லாம் அசைக்கிறதில்ல. ஆள் வராது, நஷ்டம் வரும்னான் நண்பன். மால்டாவுல அஞ்சரை லட்சம் பேர், சிசிலியில நாப்பத்தெட்டு லட்சம் பேர். இங்க வட மாகாணத்துல மட்டும் பத்து லட்சத்துக்கு மேல, தமிழ்நாட்டுல 2011 கணக்குப்படியே ஏழு கோடி. ஒரே மொழி. ஒரே மாதா, ஒரே பிள்ளையார், ஒரே நடிகருக்குப் பால் ஊத்துற கூட்டம். இதுக்குள்ள 150 பேர் ஏறுற ஒரு படகை நிரப்ப முடியலைன்னா கோளாறு ஜனங்ககிட்ட இல்ல. எப்போ ஓடும், எப்போ நிக்கும்னே தெரியாத வண்டிக்கு எவன் லீவு போட்டு டிக்கெட் எடுப்பான்? சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுல பஸ் வருதான்னு தெரியலைன்னா நாங்க ஆட்டோவைத்தான் கூப்பிடுவோம்.

இன்னொண்ணு சொன்னான் நண்பன்: "அதான் சென்னையில இருந்தே சொகுசுக் கப்பல் விட்டாங்களே, அதுல அனுப்பு." உண்மைதான். 2022 ஜூன்ல கார்டிலியாவோட எம்பிரஸ் கப்பலை முதலமைச்சர் ஸ்டாலின் சென்னையில கொடியசைச்சு அனுப்பினார். புதுச்சேரியில அப்போ சூதாட்டம், கலாசாரம்னு எதிர்ப்பு வந்து, கரைக்கு விடல. 2023 ஜூன்ல அதே கப்பல் சென்னையில இருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு கிளம்பிச்சு. நம்ம ஆளுங்க அதுல போய் போட்டோ போட்டிருக்காங்க, பாத்தேன். நீச்சல் குளம், பஃபே, டிஜே.

இங்கதான் எனக்கு விஷயம் புரிஞ்சது, அதுவும் லேட்டா. இந்தக் கப்பல்ல அப்பா காங்கேசன்துறையில இறங்கலாம். கோட்டையைப் பாக்கலாம், நூலகத்தைப் பாக்கலாம், நல்லூர் போகலாம். சாயந்தரம் கப்பலுக்குத் திரும்பிடணும். யாழ்ப்பாணத்துல ரயில் ஏறி, கொழும்பு போய், ஹட்டன் போய், அத்தை வீட்டுல ஒரு வாரம் தங்கிட்டு வர்றேன்னு சொல்ல முடியாது. ஏத்தின இடத்துலயே திரும்ப இறக்கி விடுறதுதான் க்ரூஸோட தொழிலே. ஊருக்கும் ஊருக்கும் நடுவுல போக்குவரத்து நடத்துறது அதுக்கு வேலையில்ல. வலெட்டாவுல இறங்குறவனுக்கும் இதே கதைதான். கடைக்காரன் ஒரு ஐஸ்க்ரீம் வித்திருப்பான், அவ்வளவுதான் அந்த ஊருக்கும் இவனுக்கும் இருக்கிற உறவு. வெனிஸ்காரங்க பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, 2021 ஆகஸ்ட்ல இருந்து பெரிய கப்பல் எதுவும் ஊர் நடுவுல வரக்கூடாதுன்னு தடை வாங்கிட்டாங்க. சாண்டோரினியில 2025-ல இருந்து கப்பல்ல வந்து இறங்குறவனுக்கு, சீசன்ல தலைக்கு இருபது யூரோ வரி. ஆயிரக்கணக்குல வந்து, நாலு மணி நேரத்துல போற விருந்தாளிகிட்ட வேற என்ன கேக்குறது?

ஆனா அரசாங்கத்தை மட்டும் திட்டிட்டுப் போனா நான் யோக்கியன் ஆயிடுவேன். அது பொய். என்னையும் என்னை மாதிரி வெளிநாட்டுல பொட்டி தட்டுற கூட்டத்தையும் திட்டத்தான் உக்காந்தேன்.

பெத்தவங்களை நாம எங்க கூட்டிட்டுப் போறோம்? நமக்குப் பிடிச்ச இடத்துக்கு. பாரிஸ்ல டவர் முன்னாடி, ஸ்விஸ்ல பனி முன்னாடி, புடவை மேல ஜாக்கெட் போட்டு, குரங்குக் குல்லா மாட்டி நிக்க வச்சு ஒரு போட்டோ. சொந்தக்காரங்க க்ரூப்ல அது போய்ச் சேந்துச்சுன்னா நம்ம கடன் அடைஞ்சது. அவங்களுக்கு எங்க போகணும்னு கேட்டோமா? நான் கேக்கல. எங்கப்பா ஹட்டன்ல பிறந்தவர்னு எனக்குச் சின்ன வயசுல இருந்து தெரியும். அத்தை இருக்காங்கன்னு தெரியும். இருபது வருஷமா சம்பாதிக்கிறேன். ஒரு தடவை கூட 'அப்பா, அங்க போலாமா'ன்னு கேட்டதில்ல. ஏன்னா எனக்கு ஹட்டன் ஒரு ஊரே இல்ல, பாஸ்போர்ட்டுல ஒரு கட்டம். எனக்குப் பலேர்மோ தெரியும். அதுல எந்தத் தெருவுல நல்ல காபி கிடைக்கும்னு கூடத் தெரியும்.

இன்னொரு வெக்கக்கேடு. கப்பல் கம்பெனி அனுப்பின வீடியோவுல தட்டு ஏந்தி நிக்கிற பையன்கள்ல ரெண்டு பேர் பாக்க நம்ம ஊர்ப் பசங்க மாதிரி இருந்தாங்க. இந்தக் கப்பல்கள்ல இந்தியப் பசங்க, பிலிப்பைன்ஸ் பசங்க நிறைய. ஏழெட்டு மாச ஒப்பந்தம், கடலுக்குக் கீழ் தட்டுல அறை, லீவுன்னு ஒண்ணு கிடையாது. கப்பலோட கொடி பெரும்பாலும் பனாமா, பஹாமாஸ், இல்லேன்னா இதே மால்டா. கம்பெனி ஒரு நாடு, கொடி ஒரு நாடு, கூலி ஒரு நாடு. எங்க தாத்தா தோட்டத்துக்குப் போனதும் கிட்டத்தட்ட இந்தக் கணக்குலதான். அவர் பேரன் அவரோட மகனைக் கூட்டிட்டு வந்து மேல் தட்டுல உக்கார வச்சு, கீழ் தட்டுப் பையன்கிட்ட ஜூஸ் வாங்கிக் குடுக்கப் போறேன். இதுல பெருமை வேற.

தங்கமணிக்குக் கோபம் எதுலன்னா, முன்பணம் கட்டியாச்சு. ரத்து பண்ணா திரும்ப வராது. "இந்த வருஷம் இதுக்குப் போவோம், அடுத்த வருஷம் அவரை இலங்கைக்குக் கூட்டிட்டுப் போ"ன்னா. நியாயமான பேச்சுதான். ஆனா எழுபத்திரண்டு வயசுக்காரருக்கும் அங்க இருக்கிற எழுபத்தெட்டு வயசு அத்தைக்கும் அடுத்த வருஷம்னு சொல்ல எனக்கு வாய் வரல. ரத்து பண்ணிட்டேன், அவகிட்ட சொல்லாம. அதான் மூணு நாளாப் பேச்சு இல்ல. அது என் தப்பு, சொல்லியிருக்கணும்.

பிளேன்ல போகலாமேன்னு கேப்பீங்க. போகலாம். பெங்களூர்ல இருந்து கொழும்புக்கு ஏறினா கொஞ்ச நேரம். சென்னையில இருந்து யாழ்ப்பாணத்துக்கே 2019-ல இருந்து விமானம் விட்டாங்க. அப்பாகிட்ட சொன்னேன். அவர் கப்பல்தான்னார். "வர்றப்போ நான் கடலைப் பாக்கலடா. கீழ கூட்டம். மூட்டை மேல உக்காந்திருந்தேன். எங்கம்மா அழுதுட்டே வந்துச்சு, அதுக்குத் தண்ணி வாங்கிக் குடுக்கவே நேரம் சரியாப் போச்சு. மடு ரோடு ஸ்டேஷன் தாண்டும்போது அது ஜன்னல் வழியாக் கும்பிட்டுது, அது ஞாபகம் இருக்கு. கடல் ஞாபகமே இல்ல."

அவர் வந்த வழி இன்னும் மூடித்தான் இருக்கு. அந்தப் பக்கம் போர்ல அழிஞ்ச தலைமன்னார் ரயில் பாதையை இந்திய உதவியில திரும்பப் போட்டு, 2015 மார்ச்ல மோடியே போய்க் கொடியசைச்சார். இந்தப் பக்கம் 2025 ஏப்ரல்ல புதுப் பாம்பன் பாலம் திறந்தாங்க. ரெண்டு கரையிலயும் கோடிக்கணக்குல செலவு பண்ணித் தண்டவாளம் போட்டாச்சு. நடுவுல இருக்கிற அந்த முப்பது கிலோமீட்டருக்குக் கப்பல் விடுவோம்னு 2023-ல ரெண்டு அரசாங்கமும் எழுதியே வச்சாங்க. எழுதினது எழுதினபடியே இருக்கு. அதனால அப்பாவுக்குத் தலைமன்னார் கிடைக்காது, காங்கேசன்துறைதான்.

இப்போதைய பிளான் இதான். மழை முடிஞ்சு, பிப்ரவரிக்கு மேல கடல் அடங்கினதும், கப்பல் ஓடுதான்னு பாத்துட்டு நான் லீவு போட்டு பெங்களூர் வர்றேன். ராத்திரி வண்டியில நாகப்பட்டினம். அங்கேருந்து வேளாங்கண்ணி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், அம்மாவுக்கு ரெண்டு நாள் அங்க. அப்புறம் கப்பல். ஓடலைன்னா நாகப்பட்டினத்துல உக்காந்து இன்னொரு பதிவு எழுதுவேன், இதை விடக் காட்டமா. :-)

நேத்து ராத்திரி தங்கமணி முதல் தடவையா வாயைத் திறந்தா. "நாகப்பட்டினத்துல சுத்தமான லாட்ஜ் இருக்கா?" அவ்வளவுதான். இருக்குன்னேன். தெரியாது, தேடணும்.

அப்பா இன்னைக்குக் காலையில கூப்பிட்டார். ரசல் மார்க்கெட்டுக்குப் போய் முந்திரியும் பேரீச்சம்பழமும் விலை விசாரிச்சுட்டு வந்திருக்கார். கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல அத்தைக்கு நாலு சேலை பாத்து வச்சாச்சாம். அப்புறம் ஒரு அஞ்சு லிட்டர் பிரஷர் குக்கர். பயணத்துக்கு இன்னும் எவ்வளவோ மாசம் இருக்கு. "தலைக்கு எத்தனை கிலோ விடுவான்னு கேட்டுச் சொல்லு தம்பி, குக்கரைக் கையில வச்சுக்கலாமா, இல்ல மூட்டையிலதான் போடணுமான்னும் கேளு"ன்னார். கேட்டு எழுதியிருக்கேன். பதில் இன்னும் வரல.